கை நீட்டாத வீடு

முகம் என்னிடம் இல்லை. கன்னம் இருந்த இடத்தில் யாரோ ஒரு சிறு தலையணையை வைத்துத் தைத்துவிட்டதுபோல் இருக்கிறது. நகத்தால் அழுத்திப் பார்க்கலாம் என்று கை தானாகப் போனது. தொடக்கூடாது என்று நர்ஸ் பெண் சொல்லியிருக்கிறாள், இறக்கிக்கொண்டேன். மரத்துப்போகும் மருந்தை வெண்ணெய்போல் தடவி, அதன்மேல் பழம் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முக்கால் மணி நேரம் இப்படியே இருங்கள் என்று விட்டுப் போயிருக்கிறார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பெண்ணின் முகத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு மரு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன பேசுவது. பக்கத்து நாற்காலியில் என் மருமகள் மேகலா உட்கார்ந்திருக்கிறாள். வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு, துணியில் தொங்கவிட்டுக் கழுத்தில் மாட்டியிருக்கிறது. உள்ளே வருகிறவர்கள் முதலில் அவள் கையைப் பார்க்கிறார்கள், பிறகு என் கன்னத்தைப் பார்க்கிறார்கள், பிறகு படத்துப் பெண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் அடிபட்டு வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

காலையில் டாக்டர் பெண் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, இது எப்படி ஆச்சும்மா என்று கேட்டது. குக்கர் வெடித்துவிட்டது என்று வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. முப்பத்து நான்கு வருஷமாகச் சொல்லி வருகிறது, அதற்கு என்னைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், காய்ந்த குளத்தின் வண்டல்போல இருக்கும் இந்தத் தோலைப் பார்த்து யார் கேட்டாலும் அதே பதில். டாக்டர் பெண் ஐயோ என்றது. மேகலா தலையை நிமிர்த்தாமல் தன் மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். என் மகன் பூபதிதான் மேலே பேசினான். லேசரில் முழுசாகப் போய்விடுமா, எத்தனை தடவை வரவேண்டும், ஆவணிக்குள் முகம் தெளிந்துவிடுமா. நாலு தடவை வரணும், அறுபது சதவீதம் போகும் என்று டாக்டர் சொன்னது. மீதி நாற்பது எங்கே போகும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வெளி ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. ஆவணி ஒன்றாந்தேதிக்கு முன்னால் ஒரு தடவையாவது ஆகட்டும் என்று பூபதி சொன்னான். பஸ் கட்டுகிற பட்டறைக்குச் சாமான் வாங்கவேண்டும், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு திருச்சி டவுனுக்குள் போய்விட்டான்.

ஆவணி எதற்கு என்பது டாக்டருக்குத் தெரியாது. ஆவணி முதல் ஞாயிறு சம்பந்தி வீட்டார் கரூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மேகலாவின் கை எப்படி ஒடிந்தது என்று பேசுவதற்கு வருகிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் வெள்ளகோவிலில் அவர்கள் வீட்டில் ஒரு தடவை உட்கார்ந்தாயிற்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று பூபதி சொன்னான். அவர் அடித்தார் என்று மேகலா சொன்னாள். பூபதி அதற்குக் கோபப்படவில்லை, அவன் கோபப்படாதபோதுதான் எனக்குப் பயமாக இருக்கும். எல்லாரையும் பார்த்து நிதானமாகச் சொன்னான்: "எங்க வீட்ல கை நீட்டற பழக்கமே இல்லீங்க மாமா. எங்கப்பா எங்கம்மாவை ஒரு நாள் கை நீட்டினதில்லை. கேட்டுப்பாருங்க." மேகலாவின் அப்பா என்னைக் கேட்கவில்லை. என் கன்னத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் இந்தப் பேச்சு வேண்டாம், ஆவணியில் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு பண்ணிக்கொள்ளலாம் என்றார் அவர். சம்பந்தியம்மா ஒன்று கூட்டியும் சொல்லமாட்டார்கள், ஒன்று குறைத்தும் சொல்லமாட்டார்கள், அன்றைக்கு அவர்கள் வாயால் சொல்லட்டும், அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், அதுவரைக்கும் அவர்களை நம்பித்தான் பெண்ணை அனுப்புகிறோம் என்றார். அடித்தானா என்றதற்கு நான் இல்லை என்று சொன்னால் மேகலா பொய்க்காரி, எங்கள் வீட்டிலேயே இருந்து வாழவேண்டும். நான் ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவோடு போய்விடுவாள். திரும்பி வரும்போது காரில் பூபதி, அந்த முகத்தோடு நீ அங்கே உட்கார்ந்திருந்தால் நான் என்ன சொன்னாலும் எடுபடாதும்மா என்றான். மறுநாளே இந்த ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிவிட்டான்.

கூப்பிட்டுவிட்டார்கள். உயரமான கட்டில், தோல் மெத்தை, மேலே வட்ட விளக்கு. வயசானவர்கள் என்பதால் துணைக்கு ஒருத்தர் இருக்கலாம் என்று மேகலாவுக்கும் ஒரு பச்சைக் கண்ணாடி கொடுத்து மூலையில் ஸ்டூல் போட்டார்கள். பிளாஸ்டிக் தாளை உரித்து மருந்தைத் துடைத்தார்கள். துடைக்கிற துணி தெரிந்தது, கன்னம் தெரியவில்லை. என் கண்ணுக்கு இரண்டு இரும்பு மூடிகளை வைத்து நாடாவால் கட்டினார்கள். இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. கண்ணை மூடினால்கூட உள்ளே கொஞ்சம் சிவப்பு இருக்கும், இதில் அதுவும் இல்லை. டாக்டர் பெண்ணின் குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தது. பயப்படாதீங்கம்மா, கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், பழைய தோலில் பொடிப்பொடியாகச் சுட்டால்தான் அடியிலிருந்து புதுத் தோல் வரும் என்றது. சுட்ட இடத்தை மறுபடியும் சுட்டுத்தான் ஆற்றவேண்டுமாம். அப்புறம் சொன்னது: "தலையை ஆட்டாதீங்க, பேசாதீங்க. தாங்க முடியலைன்னா கையை நீட்டுங்க. உடனே நிறுத்திடறேன்."

கையை நீட்டுங்கள். அந்தச் சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். திருச்சியில் அது சாதாரணச் சொல். பஸ்ஸை நிறுத்தக் கையை நீட்டுவார்கள், பிரசாதம் வாங்கக் கையை நீட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் அடிப்பதைத் தவிர வேறு எதற்கும் புழங்குவதில்லை. கை நீட்டுகிறானா என்றுதான் பெண்ணைக் கொடுத்த வீட்டில் முதலில் கேட்பார்கள். கை நீட்டாத மனுஷன் என்று என் வீட்டுக்காரருக்குப் பெயர். அவர் செத்து நான்கு வருஷம் ஆகிறது, இன்றைக்கும் பட்டறைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னியப்பண்ணன் ஒரு பையனை அதட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று. அது உண்மைதான். வெளியில் அதட்டியதில்லை. என் இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன். எங்கேயோ ஒரு மெஷின் மூச்சு விட ஆரம்பித்தது. ஐஸ்காற்று கன்னத்தில் அடித்தது, அடிப்பது காதில் கேட்டது, கன்னத்துக்குத் தெரியவில்லை. டாக்டர் காலால் எதையோ மிதித்த சத்தம். அப்புறம் டிக்.

ஒன்று. மருந்து எதையும் மரக்கவைக்கவில்லை. மேல்தோலை மட்டும் ஏமாற்றியிருக்கிறது. தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம், அதற்குள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் காய்ச்சிய ஊசி இறங்கி எழுந்தது. இரண்டு. மூன்று. கண்ணுக்குக் கீழே எலும்பின்மேல் படும்போது எலும்பே பேசுவதுபோல் பல்லில் எதிரொலிக்கிறது. நான்கு. வாசனை வந்துவிட்டது. முடி கருகுகிற வாசனை, அதற்குக் கீழே இன்னொன்று, கசாப்புக்கடைக்காரன் ஆட்டுத் தலையை நெருப்பில் வாட்டும்போது வருமே அது. அது நான். குழாய் ஒன்று பக்கத்திலேயே இருந்து புகையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, அவ்வளவும் உறிஞ்ச முடியவில்லை. ஐந்து. ஆறு. பட்டறையில் பஸ்ஸுக்குச் சட்டம் ஒட்டும்போது இப்படித்தான் இருக்கும். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போவேன், அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு குனிந்திருப்பார், பார்க்காதே, கண்ணு போயிரும் என்று கத்துவார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். சுவர் நீலமாக வெட்டி வெட்டி மின்னும். இரும்போடு இரும்பு சேரும்போது ஒரு சீறல், அப்புறம் வாசனை. அவர் முன்னங்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள், உள்ளங்கை காய்த்துப்போய் மாட்டுக் குளம்பு மாதிரி. அந்தக் கை என் பிடரியில் எப்படி உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும். எத்தனை விரல் எந்தப் பக்கம் என்று தெரியும். கட்டை விரல் வலது காதுக்குப் பின்னால். மற்ற நாலும் இடது பக்கம். பத்து. பதினொன்று.

டாக்டரின் கை நின்றது. என் உதடு அசைகிறதாம். வலிக்குதாம்மா என்று கேட்டது. இல்லை என்று சொல்ல முடியாது, பேசக்கூடாதே, விரலை மட்டும் ஆட்டினேன். மூலையிலிருந்து மேகலா, அத்தை எண்ணிட்டிருக்காங்க டாக்டர் என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டாக்டர் பெண் சிரித்தது. அன்பாகத்தான் சொன்னது: "எண்ணாதீங்கம்மா. எண்ணினா வலி அதிகமாத் தெரியும்."

எண்ணாதே. முப்பத்து நான்கு வருஷம் கழித்து இருட்டில் படுக்கவைத்து, இவ்வளவு மென்மையான குரலில். அவர் சொன்னது, எண்ணாதடி. கல்யாணமான முதல் வாரத்தில் சொன்னார், அப்புறம் எத்தனையோ தடவை சொன்னார். எண்ணுவது எனக்கு மூச்சுமாதிரி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, கணக்கு மட்டும் நிற்கவில்லை. பந்தியில் எத்தனை இலை, புளியில் எத்தனை கொட்டை, அவர் தூங்கும்போது எத்தனை குறட்டைக்கு ஒரு தடவை புரள்கிறார். நானாக எண்ணுவதில்லை, அது நடக்கிறது. கன்னம் வெந்த அன்றைக்கு முதல் நாள் ராத்திரி அவருடைய பெரியப்பா மகன் வந்திருந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். பட்டறை வேலை உடம்பை எப்படி இறக்கிவிட்டது என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்பெல்லாம் ரெண்டு தோசையோட எந்திரிச்சர்றேன் என்றார். அடுக்களையில் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த என் வாய் ஏழு என்றது. சண்டைக்குச் சொல்லவில்லை, கேலிக்குச் சொல்லவில்லை. இரண்டு இல்லை, ஏழு, அவ்வளவுதான். வந்தவர் சிரித்தார். கணக்குப்பிள்ளையைக் கட்டியிருக்கிறாய் போலிருக்கிறது என்று முதுகில் தட்டினார். இவரும் சிரித்தார். ராத்திரி ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஒன்றும் சொல்லவில்லை. நான் மறந்தே போனேன்.

டிக். விட்ட இடம் தெரியவில்லை, பதினெட்டோ பத்தொன்பதோ. எண்ணாமல் இருந்து பார்க்கிறேன். எண்ணாமல் இருந்தால் வலிக்கு ஓரமே இல்லை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காது, மூக்கு, கண் எல்லாம் ஒன்றாக எரிகிறது. தாடைக்கு வந்துவிட்டார்கள். அங்கேதான் தடிப்பு அதிகம், அங்கேதான் நிறையத் தேங்கியது. அன்றைக்கு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானை வாயில் தட்டைப் போட்டுத் துணியால் பிடித்துச் சாய்த்தாயிற்று, கஞ்சி கீழே குண்டாவில் விழுந்துகொண்டிருந்தது. பூபதிக்கு அப்போது ஐந்து வயது, அடுக்களை வாசற்படியில் நின்று அரிசிப்பொரி தின்றுகொண்டிருந்தான். பின்னால் நிழல் வந்தது. பிடரியில் கை வந்தது. நீ எண்ணறவ தானே, எண்ணு என்றார். கத்தவில்லை. காதுக்குப் பக்கத்தில், இந்த டாக்டர் பேசுகிற மாதிரி அவ்வளவு பக்கத்தில் சொன்னார். குண்டாவுக்குள் முகத்தை அழுத்தினார். நான் வலது பக்கம் திரும்பப் பார்த்தேன், அதனால்தான் இடது கன்னம். கஞ்சி தண்ணீர்போல இல்லை. தண்ணீராக இருந்திருந்தால் வழிந்து போயிருக்கும். கஞ்சி ஒட்டும். ஒட்டி அங்கேயே இருந்து வேகவைக்கும். எண்ணுடி என்றார். எண்ணினேன். வாய்க்குள் கஞ்சி போனது, ஆனாலும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வந்ததும் கையை எடுத்தார். ஏழு தோசை. அவரும் கணக்குத் தெரிந்தவர்தான்.

அவரே தண்ணீர் ஊற்றினார், அவரே சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் கேரியரில் ஈரத்துணியைக் கன்னத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்காமல் மிதித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்: குக்கர் வெடித்துவிட்டது என்று சொல். எங்கள் தெருவில் அப்போது இரண்டு வீட்டில்தான் குக்கர். எங்கிருந்து அவருக்கு அந்த யோசனை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பஸ் மேலே சாயம் அடிப்பதுபோல, தன் கைவேலைக்கு மேலே கொஞ்சம் அழகாக ஒன்று பூசவேண்டும் என்று தோன்றியிருக்கும். ஆஸ்பத்திரியில் நம்பினார்கள். தெருவில்தான் சிக்கல். பார்க்க வந்த பெண்கள் எல்லாம் கன்னத்தைப் பார்த்துவிட்டு அடுக்களையை எட்டிப் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் குக்கர் இருப்பதே தெரியாதே அக்கா என்றாள் ஒருத்தி. குக்கர் எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் வெடித்தது என்று கேட்டாள் இன்னொருத்தி. பதினோராம் நாள் அவர் அட்டைப்பெட்டியில் குக்கர் வாங்கிவந்தார். பட்டறையிலிருந்து உப்புத்தாளும் கொண்டுவந்து அடிப்பக்கத்தின் பளபளப்பைத் தேய்த்தார், விறகடுப்பில் வைத்துக் கரி ஏற்றினார், பழையதுபோல் ஆக்கிப் பரணில் தெரிகிறமாதிரி வைத்தார். எங்கள் வீட்டில் குக்கர் வெடித்துப் பதினொரு நாள் கழித்துத்தான் குக்கர் வந்தது. நாளாக நாளாக அதை இறக்கிச் சமைக்கவே ஆரம்பித்துவிட்டேன். நல்ல குக்கர். ரப்பர் வளையம் மாற்றினேன், கைப்பிடி மாற்றினேன், பானையில் ஒரு நசுங்கல் கிடையாது. கல்யாணமாகி வந்த வருஷம் மேகலா அதில் பருப்பு வைத்துக்கொண்டே கேட்டாள்: "வெடிச்ச குக்கரு எங்கீங்கத்தை?" பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குக்கரைப் பார்த்தாள். அப்புறம் கேட்கவே இல்லை.

பூபதி பொய் சொல்லவில்லை, அதுதான் என்னைப் பிடித்து உலுக்குவது. வெள்ளகோவிலில் அத்தனை பேருக்கு முன்னால் அவன் சொன்னான், எனக்கு ஞாபகம் இருக்கிறது மாமா, நான் வாசற்படியில் நின்றிருந்தேன், விசில் அடித்துக்கொண்டே இருந்தது, டமார் என்று ஒரு சத்தம், அம்மா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று. வீட்டில் இல்லாத குக்கரின் விசிலை அவன் கேட்டிருக்கிறான். நான் சொல்லிச் சொல்லி அவன் காதில் அதை ஊதிவிட்டேன். பிடரியில் இருந்த கையை அவன் கண் பார்த்தது, அதை எடுத்து எங்கோ போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு குக்கரை வைத்துக்கொண்டான். ஆனால் கை எங்கும் போகவில்லை. அது அவனிடம் இருக்கிறது. டிக். காதுக்குப் பக்கத்தில் சுடுகிறார்கள். ஆனி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஹாலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது, உள்ளே பூபதியும் மேகலாவும். தண்ணீர் ஓடுகிற சத்தம் இல்லை. முதலில் சுவரில் ஒன்று. அப்புறம் வாளியின் மேல் ஒன்று. அப்புறம் கதவில், தாழ்ப்பாள் குலுங்கியது. நான்காவது, அது காய்ந்த முருங்கைக் கிளையை ஒடிக்கிற சத்தம். அதற்கப்புறம்தான் மேகலாவின் குரல் வந்தது. வழுக்கி விழுந்தால் ஒரு சத்தம்தான் கேட்கும். நான் மொச்சையைக் கீழே வைக்கவில்லை. கையில் ஒரு காய் இருந்தது, அதைப் பிரித்தேன், உள்ளே மூன்று கொட்டை.

முப்பதுக்கு மேல் போயிருக்கும். தோலுக்கு அடியில் ஏதோ சுருள்கிறது. பாத்ரூமில் இப்போது ஒரு மேட் கிடக்கிறது. நீல நிறம், ரப்பர், அடியில் குமிழ் குமிழாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது. தினமும் அதில் நின்றுதான் குளிக்கிறேன். வயசானவர்கள் இருக்கிற வீடு, வழுக்கக்கூடாது என்று பூபதி வாங்கிப் போட்டான். யார் வந்தாலும் காட்டுகிறான். பாருங்கள், அன்றைக்கு இவள் விழுந்ததிலிருந்து இதைப் போட்டுவிட்டேன் என்று. தண்ணீர் ஊற்றினால் அதன் ஓரத்தில் தேங்கும், காலால் தள்ளுவேன், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிக்கொண்டிருக்கிறேன், என்ன தள்ளுகிறேன் என்று யோசிக்கவில்லை. எப்போது வாங்கினான். கீழே விழுந்த அன்றைக்கு இல்லை. மறுநாள் இல்லை. கட்டுப் போட்டு வந்து, மேகலாவின் அப்பா போனில் பேசி, பக்கத்து வீட்டுக்காரி பாத்ரூம் தரை சொரசொரப்பாகத்தானே இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்ட பிறகு. டிக். அவன் அதன் புதுப் பளபளப்பைப் போக்க வாசலில் வைத்துத் துடைப்பத்தால் தேய்த்தான், நான் பார்த்தேன். புதுச் சாமானைக் கழுவுகிறான் என்று நினைத்தேன். டிக். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினோராம் நாள் அவன் ஐந்து வயசுப் பையனாக அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளைப் பிடித்துக் கொடுத்தான். டிக். அந்த மேட்டுதான் குக்கர். ஆவணி முதல் ஞாயிறு நான் புது முகத்தோடு அவர்கள் முன்னால் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் கை நீட்டுகிற பழக்கம் இல்லை என்று சொல்லவேண்டும். அப்புறம் மேகலா அந்த மேட்டின்மேல் நின்று குளித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, வாய் தானாகச் சொல்லப் பழகுகிறவரைக்கும்.

நான் கையை நீட்டினேன்.

மெஷின் நின்றது. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ரொம்ப வலிக்குதாம்மா, கொஞ்சம் இடைவெளி விடலாமா என்றது டாக்டர் பெண். கண்ணில் மூடி இருந்ததால் யாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று தெரியாமலே சொன்னேன். உதடு மரத்துக் கோணிக்கொண்டு போனது, அதனால் மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்: "குக்கர் இல்லீங்க. வடிச்ச கஞ்சில என் வீட்டுக்காரர் முகத்தை அழுத்தினாருங்க." இவ்வளவுதான், இதற்கு ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. டாக்டர் பெண் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தது. அப்புறம், சுடுகஞ்சியோ குக்கரோ, சிகிச்சை இதேதாம்மா, இதில் மாற்றம் ஒன்றும் இல்லை என்று சொன்னது, சொல்லிவிட்டு அதற்கே என்னமோ மாதிரி ஆகியிருக்கும், என் தோளில் கை வைத்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு இடம் பாக்கி, நிறுத்திவிடட்டுமா என்றது. நிறுத்தச் சொல்வேன் என்று மேகலா நினைத்திருப்பாள். நானே ஒரு நிமிஷம் நினைத்தேன். இந்தத் தோல் போய்விட்டால் அப்புறம் எதைக் காட்டுவேன் என்று. ஆனால் முப்பத்து நான்கு வருஷமாக இந்தத் தோல் எல்லாருக்கும் தெரிகிறமாதிரி முகத்தில்தான் இருந்தது. அது ஒரு வார்த்தை பேசவில்லை. குக்கர் என்று சொன்னபோதெல்லாம் கூடவே இருந்து தலையாட்டியது. போகட்டும். மீதியையும் சுட்டுருங்க என்றேன். மறுபடியும் டிக் என்றது. இந்த முறை எண்ணினேன், உதட்டை அசைத்தே எண்ணினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்றில் முடிந்தது.

மூடிகளை எடுத்தார்கள். வெளிச்சம் குத்தியது. கன்னம் திரும்பி வந்துவிட்டது, வந்த வேகத்தில் கொதித்துக்கொண்டு வந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தார்கள், களிம்பு பூசினார்கள். கண்ணாடியைக் காட்டினார்கள், சிவந்து வீங்கிய கன்னத்தில் பொடிப்பொடியாகக் கட்டம் போட்ட புள்ளிகள், யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்ததுபோல. பூபதி வந்துவிட்டான். கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே வந்து, அட, இப்பவே பாதி போயிருச்சே என்றான். அவனுக்குச் சந்தோஷம், முகம் முழுக்கச் சந்தோஷம், நான் பெற்ற முகம். டாக்டர் பெண் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னது: வெயில் ஆகாது, சோப்பு ஆகாது, செதில் உதிரும் பிய்க்கக்கூடாது, அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம், ஆவி படக்கூடாது. பூபதி சிரித்தான். அந்தக் குக்கரைத் தூக்கி வீசிடறேன்மா, அதுதானே எல்லாத்துக்கும் காரணம் என்றான்.

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. வெளி ஆட்களுக்கு முன்னால் நான் பேசுகிறவள் இல்லை, டாக்டர் இருந்தது, நர்ஸ் இருந்தாள். பரவாயில்லை.

"அந்தக் குக்கர் வெடிக்கல சாமி. எனக்கு வெந்து பதினோராம் நாள்தான் உங்கப்பா அதை வாங்கிட்டு வந்தாரு. உப்புத்தாளை நீதான் எடுத்துக் குடுத்தே."

சாவி சுற்றுவது நின்றது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு எனக்குப் பின்னால் எதையோ பார்த்தான், வெகுதூரத்தில் ஒரு வாசற்படியைப் பார்ப்பதுபோல் கண் இடுங்கியது. வாய் திறந்தது. எங்கம்மாவுக்கு மருந்து மயக்கம் என்று டாக்டரிடம் சொல்லப் பார்த்தான், பாதியில் விட்டுவிட்டான். அவன் வலது கை மெல்ல எழுந்து என் தோளுக்குப் பக்கத்தில் வந்து அந்தரத்தில் நின்றது. பிடிக்க வந்ததா, தடவ வந்ததா, அதற்கே தெரிந்திருக்காது. கட்டை விரல் ஒரு பக்கம், நாலு விரல் ஒரு பக்கம். நான் நகரவில்லை.

"பாத்ரூம் மேட்டு எப்பப்பா வாங்கினே?"

 அந்தக் கை அங்கேயே இருந்தது. மூலையில் மேகலா பச்சைக் கண்ணாடியை இன்னும் கழற்றாமல் எழுந்து நின்றிருந்தாள், மாவுக்கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

"ஒம்போதாம் நாளுங்கத்தை" என்றாள்.